பாணரும் பயணமும்

உலகிலுள்ள தொழில்களுள் இருந்த இடத்தில் இருந்தே செய்யத்தக்கன சில. ஊர்தோறும் திரிந்தே செய்யத்தக்கன சில. நெசவாளன் தன் தறியை விட்டு அகலான். உழவன் தன் வயலை விட்டு அகலான். இசைவாணனோ, தன் கலையைக் கேட்பார் எங்கு உளரோ அங்குச் சென்றே ஆகவேண்டியவன். பின்னலாடைத் தொழிலாற் பெயர் பெற்ற திருப்பூரை அடுத்த அவிநாசியில் வாழும் எமக்கு இவ்வேறுபாடு நாடோறும் கண்கூடு. பனியன் ஆலைக்குச் செல்வோர் வேலை முடிந்ததும் வீடு திரும்புவர். நாதசுரமும் தவிலும் சுமந்து செல்வோர் எந்நாள் திரும்புவர் என்பதை அவர்தம் மனைவியரும் உறுதியாக அறியார். அவர்தம் வழிநடையின் இன்பமும் இன்னலும் யாவை, அவர்பால் நம் கடமை யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

ஊர்சுற்றும் கலைஞரைப் பற்றித் தமிழைப்போல் விரிவாகப் பேசிய மொழி அரிது எனலாம். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. அவற்றுள் திருமுருகாற்றுப்படை முருகனிடத்து ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர் என்போரை வள்ளல்பால் செலுத்துவன. பரிசில் பெற்று மீள்வோன், பெறாது வாடி வருவோனை வழியிற் கண்டு, “இன்ன வழியே செல்க; இன்னானைக் காண்க” எனக் கூறுவதே அவற்றின் அமைப்பு. தன் தொழிலையே செய்யும் மற்றொருவனுக்குத் தன் புரவலனையே காட்டிக்கொடுக்கும் பெருந்தகைமை எத்துணை அரியது!

அப்பாட்டுகள் வழியின் துன்பத்தை மறைத்தனவும் அல்ல. மலைபடுகடாத்தில் வரும் கூத்தர், முழவும் ஆகுளியும் குழலும் தூம்புமாகப் பல கருவிகளைப் பையிலிட்டுச் சுமந்து செல்கின்றனர். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறியும், தினைப்புனங் காப்போர் கவணினின்று வரும் கல்லும், குழியில் மறைந்திருக்கும் பாம்பும் அவர்க்கு எடுத்துரைக்கப்படுகின்றன. பொருநராற்றுப்படையில் வரும் பொருநனது ஆடை, ஈரும் பேனும் குடியிருக்க, வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைக்கப்பட்டுக் கிடக்கின்றது. சிறுபாணன் மனையிலோ உப்பும் இல்லை. கொய்து வந்த கீரையை வெறிதே வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றனர். கரிகாலனும் நல்லியக்கோடனும் புகழ்பெற்றது கொடுத்ததனால் மட்டும் அன்று. யாருக்கு, எந்நிலையில் கொடுத்தனர் என்பதனாலும் ஆம்.

எம் ஊர்க்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. சுந்தரர் சேரமான் பெருமாளிடம் பெரும்பொருள் பெற்று மீளுங்கால், அவிநாசிக்கு அணித்தாய திருமுருகன்பூண்டியில் வேடர் அப்பொருளைப் பறித்தனர் என்றும், வேடராய் வந்தோர் இறைவனின் பூதகணங்களே என்றும், பதிகம் பாடியபின் பொருள் மீண்டது என்றும் பெரியபுராணம் கூறும். கிறித்தவராகிய யாம் இதனை இலக்கியமாகவே கற்கின்றோம். எனினும், பாடிப் பெற்ற பொருள் வீடு சேருமுன் வழியிலேயே குறைந்து போதல் இசைவாணர் வாழ்வில் இன்றும் காணும் உண்மை. இன்று வில்லேந்திய வேடர் இலர். ஆயின், தரகுக்குக் கொஞ்சம், வண்டிக்குக் கொஞ்சம், “மீதியைப் பிறகு தருகின்றோம்” என்று மணவீட்டார் நிறுத்திவைப்பது கொஞ்சம் எனப் பொருள் கரைந்துவிடுகின்றது. பறித்தவற்றை மீட்டுத் தருவாரோ இலர்.

நிற்க. இத்தொழிலில் இன்பமே இல்லையோ எனின், உண்டு, மிக உண்டு. சித்திரைத் திங்களில் அவிநாசியின் பெருந்தேர் வடம் பிடிக்கப்படும்போது மல்லாரி ஒலிப்பதைக் கேட்டோர் அவ்வின்பத்தை அறிவர். அத்துணைப் பெருங்கூட்டத்தைச் சொல்லின்றி ஒரு மூச்சினால் அசைக்கும் பேறு வேறெவர்க்கு வாய்க்கும்? ஊர்தோறும் புதிய முகங்கள். ஊர்தோறும் புதிய சுவைகள். ஓரூரில் தோடியைக் கேட்டுக் கண்மூடுவர். மற்றோரூரில் திரைப்பாட்டையே வேண்டுவர். நெடுவழியில் ஒரே வண்டியில் நெருங்கியமர்ந்து, இளையோர் முதியோரிடம் பாடமும் பழங்கதையும் கேட்டுச் செல்வர். எவ்வகுப்பறையிலும் பெறலாகாத கல்வி அது. எமக்குப் பழக்கமான தவில்வாணர் ஒருவர், வண்டியின் முன்னிருக்கையில் விரலாற் போட்ட கணக்குகளே தமக்கு உண்மையான பள்ளிக்கூடம் என்பார்.

இனி இன்னலைக் காண்போம். அவரே கூறுவார்: வாசிப்பது இரண்டு நாழிகை, காத்திருப்பதோ இரண்டு பொழுது. விடியற்கால முகூர்த்தத்திற்கு முன்னிரவே சென்று சேர வேண்டும். மணமக்களின் உறவினர்க்கு அறைகள் ஒதுக்கியபின், மேளக்காரர்க்கு எஞ்சுவது பெரும்பாலும் மாடிப்படியின் கீழோ, பந்திக்கூடத்தின் மூலையோ ஆகும். எம் ஊரின் மண்டபம் ஒன்றில், தவிலைத் தலைமாட்டில் வைத்து அதன் உறையையே போர்வையாகக் கொண்டு உறங்கியோரை யாமே கண்டோம். உண்ணும் முறையும் அத்தகையதே. பந்திகள் யாவும் முடிந்தபின் அழைக்கப்படுவோரும், அழைக்கப்படாமலே மறக்கப்படுவோரும் உளர். கருவிகளும் உயிர் போல்வன. சீவாளி ஈரத்திற்கும் வெயிலுக்கும் வேறுபடும். தவிலின் தோல் மழைக்காற்றில் தளரும். உறக்கமற்ற மனிதனும் தளர்ந்த கருவியும் சேர்ந்து விடியலில் பூபாளம் பிறப்பிக்க வேண்டும்!

காலமும் அவர்க்கு ஒரு சீராக இல்லை. தையும் வைகாசியும் ஆவணியும் ஓய்வின்றி ஓடச் செய்யும். ஆடியிலும் மார்கழியிலும் மணவிழா இன்மையால் கை ஓய்ந்திருக்கும். கொரோனா நோயினால் 2020 மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு பிறந்தபோது பங்குனி, சித்திரை விழாக்கள் நின்றன. மணவிழாக்கள் வீட்டளவிற் சுருங்கின. ஆண்டு முழுமைக்கும் சோறிடும் பருவம் ஒருங்கே போயிற்று. அவ்வாண்டிற்குப் பின்னர் மைந்தரைத் தொழிலுக்கு அழைக்கத் தந்தையர் அஞ்சுகின்றனர். பனியன் ஆலையில் வாரந்தோறும் கூலி உண்டு, இரவில் வீட்டில் உறக்கம் உண்டு என்று பிள்ளைகள் கூறும்போது, அதற்கு மறுமொழி கூறத் தந்தைக்கு நாவெழவில்லை. ஒரு தலைமுறை இவ்வாறு விலகுமாயின், நூற்றாண்டுகளாக வாய்மொழியாகவே வந்த கலை எந்நூலைக் கொண்டும் மீட்கலாகாததாய்விடும்.

இவ்வின்னல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்தது ஜாஸ் என்னும் இசை. அந்நகரின் பித்தளைக் கருவிக் குழுவினர் சாவூர்வலத்தில் இரங்கற்பண் இசைத்துச் செல்வர். அடக்கம் முடிந்து மீளுங்கால் களிப்புப் பண் இசைப்பர். நம் திருமணத்திற்கும் இறுதி ஊர்வலத்திற்கும் ஒருங்கே வரும் பேண்டு வாத்தியக் குழுவினரை அறிந்தோர்க்கு இது வியப்பாகாது. லூயி ஆம்ஸ்ட்ராங் முதலிய பெரும் இசைவாணர் ஆண்டின் பெரும்பகுதியை வழியிலேயே கழித்தனர். ஆயின், அவர் இசைக்குக் கைதட்டிய ஊர்களிலேயே, நிறம் காரணமாக அவர்க்கு உணவும் அறையும் மறுக்கப்பட்டன. 1930-களில் டியூக் எல்லிங்டன், தென்மாநிலப் பயணங்களில் இவ்விழிவைத் தவிர்க்கத் தம் குழுவினர்க்கென்றே இரயில் பெட்டிகளை அமர்த்திக்கொண்டார். உண்பதும் உறங்குவதும் அவற்றினுள்ளேயே. கறுப்பினப் பயணிகள் அச்சமின்றித் தங்கத்தக்க இடங்களைக் கூறும் கையேடு ஒன்று 1936 முதல் அங்கு வெளிவந்தது. அக்காலத்து ஆற்றுப்படை அதுவே எனலாம்.

அவ்விசைவாணருட் சிலர் நம் நாட்டிற்கும் வந்தனர். 1935-இல் லியான் அபே என்பவரின் குழுவினர் பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தனர். டெடி வெதர்ஃபோர்டு என்னும் பியானோ வல்லுநர் கீழ்நாடுகள் பலவற்றில் அலைந்து, இறுதியில் கல்கத்தாவில் 1945-இல் வாந்திபேதி நோயால் மாண்டார். வீட்டினின்று எத்துணைத் தொலைவில் முடிந்தது அவ்வாழ்வு!

நிறம் அங்குச் செய்ததைச் சாதி இங்குச் செய்தது. மேற்சட்டையின்றி நின்றும் நடந்துமே நாதசுரம் வாசித்தல் வழக்கமாயிருந்த காலத்தில், திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) சட்டையணிந்து மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை வலியுறுத்திப் பெற்றார். செருக்கு என்றனர் சிலர். மதிப்பைக் கேட்டுப் பெறவேண்டிய நிலையில் ஒருவரை வைத்தவர் பிழையேயன்றிக் கேட்டவர் பிழையன்று என்பது எம் துணிபு.

ஈண்டுச் சிலர் தடை கூறுவர். “பேசிய தொகையைக் கொடுத்துவிட்டோம், அதற்குமேல் யாது கடன்?” என்பது ஒன்று. வீட்டிற்கு வரும் விருந்தினர் நம் இனிப்பை உண்டு செல்பவர். இசைவாணரோ நம் மங்கலத்தை ஆக்குபவர். விருந்தினர்க்குக் கட்டில் தருவோர் இவர்க்குப் பாயேனும் தருதல் மிகையாமோ? “வறுமையே கலையை வளர்க்கும்” என்பது மற்றொன்று. வறுமையைப் பாடிய பாணன் அதினின்று தப்பவே வழி தேடினான், அதனைப் போற்றினானல்லன். “ஒலிப்பதிவு இருக்க ஆள் எதற்கு?” என்பது மூன்றாவது. தாலி கட்டும் கணத்தைக் கண்ணாற் கண்டு கெட்டிமேளம் முழக்க எப்பதிவுக் கருவியும் அறியாது.

பெரியபுராணத்துள் திருநீலநக்கர் வரலாற்றை மாணவர் அறிவர். திருஞானசம்பந்தருடன் ஊர்தோறும் சென்று யாழிசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். உடன் சென்றவர் அவர் மனைவியார் மதங்கசூளாமணியார். சாத்தமங்கையில் தங்கியபோது, அவ்விருவர்க்கும் இரவில் தங்க இடம் தருமாறு சம்பந்தர் கேட்டனர். நீலநக்கர் தம் மனையின் நடுவே, வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்திலேயே இடம் தந்தனர். தீ அவியவில்லை, முன்னிலும் ஓங்கி வலஞ்சுழித்து எழுந்தது என்பர் சேக்கிழார். பாணர் இசைக்கத்தக்க இடம் எது என்பதன்று அங்கு எழுந்த கேள்வி. உறங்கத்தக்க இடம் எது என்பதே. அக்கேள்விக்கு அன்றே விடை கூறிய நாட்டில், படிக்கட்டின் கீழ் இன்றும் பாணர் உறங்குவது நமக்கு நாணத்தக்கதன்றோ?

ஆதலின் யாம் வேண்டுவன நான்கே. முதலாவது, நாளும் நேரமும் ஊதியமும் வழிச்செலவும் எழுத்திற் குறித்து, முன்பணம் தந்து, மீதியை அவர் வண்டியேறுமுன் தருக. இரண்டாவது, பூட்டுள்ள ஓர் அறையும் பாயும் குளிக்க நீரும் அவர்க்கென ஒதுக்குக. மகளிர் உடன் வரின் அவர்க்குத் தனியே ஒதுக்குக. மூன்றாவது, அனைவரும் உண்ணும் பந்தியிலேயே அவர்க்கும் இலை இடுக. நான்காவது, குறித்த நேரத்திற்கு மேல் நிறுத்தின் அதற்கும் கூலி தருக. இவற்றுள் ஒன்றேனும் ஒருவரை ஏழையாக்காது.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஆலை நடத்துவோரும் மண்டபம் உடையோரும் பலர். புதிதாக மண்டபம் எழுப்புவோர் வரைபடத்தில் மணமகள் அறைக்கு அருகே இசைவாணர் அறை ஒன்றையும் குறிப்பாராக. மாணவராகிய நாமும் நம் கல்லூரி விழாவிற்கு வரும் பறையிசைப்போர், பேண்டு வாத்தியக்காரர், நாதசுரக்காரர் ஆகியோரை வாயிலிலேயே எதிர்கொண்டு, தவிலைச் சுமக்க ஒரு தோள் கொடுப்போமாக. ஆற்றுப்படை கற்றதன் பயன், அதனைத் தேர்வுத்தாளில் எழுதுவதோடு முடிவதன்று. இசைத்து வருந்தி வருவோர்க்கு, “இவ்வூரில் நுமக்கு இடம் உண்டு” என்று அடுத்த குழுவினர் வழியிற் கூறத்தக்க ஊராக நம் ஊரை ஆக்குதலே அப்பயன்.