முன்பக்கப் படம் போதாது

கோபுரம் இல்லாத டாங்கியின் பழைய படம் ஒன்று கைக்கு வந்தால் அதன் கீழே ‘மீட்பு வாகனம்’ என்று எழுதிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்த இதழுக்கு வரும் படக்குறிப்புகளில் ஆசிரியர் குழு அடிக்கடி திருத்த நேர்வது இதைத்தான்.

இரண்டாம் உலகப் போரில் கோபுரத்தையோ பீரங்கியையோ கழற்றியவர்கள் பழுதுபார்க்கும் பிரிவினர் மட்டும் அல்லர். 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் கனடியப் படை, ப்ரீஸ்ட் என்ற தானியங்கிப் பீரங்கி வண்டிகளின் பீரங்கியை எடுத்துவிட்டுக் காலாட்படையை ஏற்றியது. பின்னர் ராம் டாங்கிகளும் கோபுரம் இழந்து அதே வேலைக்குப் போயின. பிரிட்டிஷார் ஸ்டூவர்ட் டாங்கியை மொட்டையாக்கி வேவு பார்க்க விட்டார்கள். ஜெர்மானியர் இப்படிப்பட்ட வண்டிகளில் வெடிமருந்து சுமந்தார்கள். முன்னாலிருந்து எடுத்த மங்கலான படத்தில் இவை எல்லாம் ஒரே சாயல்தான்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. அமெரிக்க எம்31 மீட்பு வாகனம், எம்3 லீ டாங்கியிலிருந்து பிறந்தது. உடற்கூட்டில் 75 மில்லிமீட்டர் பீரங்கி இருந்த இடத்தில் ஆள் ஏறி இறங்கும் கதவு. அந்தக் கதவின் மேலேயே ஒரு போலிக் குழல். கதவைத் திறந்தால் பீரங்கியும் கூடவே திரும்பும்! பிரிட்டனின் சர்ச்சில் மீட்பு வாகனத்தின் இரண்டாம் வகையிலும் சுழலாத கோபுரம், சுடாத பீரங்கி. எதிரியின் பார்வை எட்டும் இடத்தில் நகராமல் நின்று வேலை செய்யவேண்டிய வண்டி தன்னிடம் ஆயுதம் இல்லை என்று காட்டிக்கொள்ள முடியாது. ஆகவே கோபுரம் இருக்கிறதா இல்லையா என்பதில் தொடங்கினால் இரண்டு பக்கமும் வழுக்கும்.

வேறு இடத்தில் தொடங்கலாம். இழுக்கும் விசையை இந்த வண்டி எங்கே, எதன் மூலம் நிலத்துக்குக் கொடுக்கிறது? சேற்றில் புதைந்த 45 டன் பாந்தர் டாங்கியை வின்ச் (வடம் சுருட்டும் இழுவைக் கருவி) வைத்து இழுக்கும்போது, ஊன்றிக்கொள்ள வழி இல்லாவிட்டால் நகர்வது பாந்தர் அல்ல, இழுக்கும் வண்டிதான். பாந்தரிலிருந்து உருவான ஜெர்மன் மீட்பு வாகனமான பெர்கெபாந்தர் இதற்குத் தெளிவான விடை. 40 டன் இழுவிசை கொண்ட வின்ச் உடற்கூட்டின் நடுவில். அதைச் சுற்றி மரப்பலகை அடைத்த பெட்டி. பின்புறம் கீல் வைத்த கனத்த ஊன்றுதகடு. வேலை நேரத்தில் தகடு இறங்கும், வண்டி பின்வாங்கும், தகடு மண்ணைக் கவ்வும், பிறகு எஃகு வடம் பின்னோக்கி ஓடும். ஆகவே பெர்கெபாந்தரின் அடையாளம் முழுவதும் முதுகுப் பக்கம் இருக்கிறது. 1943இல் முதலில் வெளிவந்த சில வண்டிகளில் வின்ச்சே கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவை கோபுரம் இல்லாத பாந்தர்கள், அவ்வளவே.

அமெரிக்க எம்32 மீட்பு வாகனம் இதற்கு நேர் எதிர்த்திசை. ஷெர்மன் அடிக்கூட்டின் முன்பக்கத்தில் கீல் வைத்த இரட்டைக்கால் தூக்குச்சட்டம் வேலையின்போது முன்னால் நிமிரும், பயணத்தின்போது பின்னால் மடிந்து படுக்கும். வின்ச் 60,000 பவுண்டு விசையுள்ளது. புகைத்திரை எழுப்ப 81 மில்லிமீட்டர் மோர்ட்டார் ஒன்றும் உண்டு. உட்பிரிவைச் சொல்ல, கோபுரத்துக்குப் பதில் பொருத்திய மேற்கூண்டு உதவாது. வளைந்த வார்ப்பு உடல் என்றால் ஷெர்மனின் எம்4ஏ1 வகை வழிவந்த எம்32பி1. தட்டையான வெல்டிங் உடல் என்றால் பல பிரிவுகள் வரிசைகட்டி நிற்கும். இயந்திர அறையின் மேல்தட்டையும் பின்தகட்டையும் பார்க்காமல் அவற்றுள் எது என்று சொல்லிவிட முடியாது. தூக்குச்சட்டம் இல்லாத எம்32பி1 என்று நினைத்தது கனரகப் பீரங்கியை இழுக்கும் எம்34 ஆகவும் இருக்கலாம். அது எம்32பி1இலிருந்து சட்டத்தைக் கழற்றி உருவாக்கியதுதான்.

சாதனத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, அதன் பலத்தையும் கணக்கிட வேண்டும் என்பதற்கு இத்தாலியில் 1944இல் கைவிடப்பட்டுக் கிடந்த டைகர் டாங்கியைவிட நல்ல சான்று இல்லை. ஜெர்மன் 508ஆம் கனரக டாங்கிப் பிரிவின் வண்டி அது. பீரங்கி எடுக்கப்பட்டிருந்தது, கோபுரத்தின் மேல் சிறிய தூக்குக்கம்பம், கூடவே வின்ச். ‘பெர்கெடைகர்’ என்ற பெயரில் அது பல பத்தாண்டுகள் நூல்களிலும் மாதிரிப் பெட்டிகளிலும் உலவியது. ஊன்றுதகடு எங்கே? அந்த ஒல்லிக் கம்பம் 57 டன் டைகருக்கு என்ன செய்யும்? கேள்வி எழுந்த பிறகுதான், கண்ணிவெடிகளையோ தடைகளையோ தகர்க்க வெடிமூட்டை வைக்கும் வண்டியாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

மீட்பு வாகனத்தின் வேலை இழுப்பது மட்டும் என்றும் இல்லை. நார்மண்டிக் கரையில் இறங்கிய ஷெர்மன் கடற்கரை மீட்பு வாகனத்தின் மூக்கில் மரக்கட்டை மெத்தை இருக்கும். தரைதட்டிய படகுகளை மீண்டும் நீருக்குத் தள்ளுவதற்கு அது.

மாதிரி செய்வோரும் அருங்காட்சியகப் பட்டியல் எழுதுவோரும் ஒன்று செய்ய வேண்டுகிறோம். அடுத்த இதழ் முதல் படக்குறிப்பை இரண்டு பகுதியாக எழுதி அனுப்புங்கள்: படத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, அதிலிருந்து நீங்கள் ஊகிப்பது இன்னொன்று. அதே வண்டியின் பின்பக்கப் படம் இருந்தால், எவ்வளவு மங்கலானாலும் சேர்த்து அனுப்புங்கள். அது கிடைக்காத இடத்தில் ‘எம்32, உட்பிரிவு உறுதியில்லை’ என்பதுபோலவே அச்சிடுவோம்.