பாட்டுக்கு மார்க் போட ஒரு ஃபோல்டர் போதும்

குற்றாலச் சாரலில் மூக்கடைத்து நிற்கும் பிள்ளையிடம் பாட்டுப் பரீட்சை வைத்தால் மார்க் யாருக்கு? பாட்டுக்கா, ஜலதோஷத்துக்கா?

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பாடு இன்னும் மோசம். குரல் உடையும் வயது. போன வருஷம் மேல் ஸ்தாயியில் நின்றவன் இந்த வருஷம் பஞ்சமத்திலேயே தடுமாறுவான். மூன்று நிமிடம் கேட்டுவிட்டு 'சுமார்' என்று எழுதினால், பாட்டையே விட்டுவிடுவான்.

இதற்குத்தான் 'டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ' வேண்டும் என்கிறேன். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள்; ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை ஒரே பாட்டைப் பாடச் சொல்லி செல்போனில் பதிவு செய்யுங்கள். (மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இருக்க, தென்காசிக்காரர்கள் பாட்டுக்கு எங்கே போக வேண்டும்?) 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு அரை எம்பிதான். 40 பேர், 10 மாதம், தலா 3 நிமிடம். எல்லாம் சேர்ந்து 600 எம்பிக்குள், ஒரே சிடியில் அடங்கும்.

ஃபைல் பெயரில் தேதியோடு ஸ்ருதியையும் சேருங்கள். ஜூனில் 5 கட்டை, டிசம்பரில் 2 கட்டை என்றிருந்தால், இறங்கியது குரல்தான், பயிற்சி அல்ல என்று ஆசிரியருக்குப் புரியும்.

ஜூன் மாதப் பதிவு எவ்வளவு சொதப்பலானாலும் அழிக்கவே கூடாது. ஆடாசிட்டியில் இரைச்சலை நீக்கலாம். ஸ்ருதியைத் திருத்தினால் மார்க் சாஃப்ட்வேருக்குத்தான். ஜூனையும் மார்ச்சையும் அடுத்தடுத்துக் கேட்டு, முன்னேற்றத்துக்குப் பாதி மார்க்காவது தர வேண்டும் என்பது என் கட்சி.

பெற்றோர் சம்மதம் வாங்கிவிட்டுப் பதிவு செய்யுங்கள். யூடியூபில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.