காப்பி போட்டால் கை கெடுமா?

பெரிய ஓவியரின் படத்தை அப்படியே பார்த்து வரைந்தால் கை கெட்டுவிடும், சொந்தப் பாணி வராது. ஆயில் பெயிண்டிங்கில் உருவப்படம் கற்க வரும் நெல்லைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கிடைக்கும் புத்திமதி இது. சொல்பவர்களில் பலர் நல்ல ஓவியர்கள். ஆனாலும் தப்பு தப்புதான்.

ரவிவர்மாவையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு முதலில் கற்றுத்தந்தவர் மாமா ராஜராஜவர்மா. மாமாவுக்குக் கற்றுத்தந்தவர் மதுரை அழகிரி நாயுடு. 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ஓவியர் தியடோர் ஜென்சன் எண்ணெய் வண்ண வித்தையைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். அந்தப் பார்வையும் அரண்மனையில் இருந்த ஐரோப்பியப் படங்களும்தான் ரவிவர்மாவுக்குப் பாடம். அவருக்கா பாணி வரவில்லை?

இன்னும் பக்கத்தில், 1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டி. நாடக சபாவுக்குத் திரைச்சீலை எழுதிய கொண்டையராஜு 1940-களில் அங்கேயே தங்கினார். சுப்பையா, ராமலிங்கம் முதலிய சீடர்கள் குருவின் படங்களைப் பார்த்தும், அவரோடு சேர்ந்து தீட்டியும் தேறியவர்கள். பிறகு தங்கள் பெயரிலேயே காலண்டர் படம் போட்டார்கள்.

அடுத்தது, உயிருள்ள முகத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்ற வாதம். படிக்கலாம், ஆனால் அது இரண்டாம் வகுப்பு. உட்கார்ந்திருக்கும் ஆள் அசைவார், வெயில் சாயும், கன்னத்து நிழல் இடம் மாறும். முடிந்த ஓவியம் எங்கும் போகாது. எந்த விளிம்பைக் கூராக விட்டார், எதைக் கரைத்தார், மாநிறத் தோலின் நிழலில் எவ்வளவு சிவப்பு சேர்த்தார் என்று நிதானமாகத் தேடலாம். நிழலை முதலில் அம்பர் என்ற பழுப்பு நிறத்தில், டர்பன்டைன் விட்டு மெல்லிசாகப் போட வேண்டும். அது சீக்கிரம் காயும். ஆளிவிதை எண்ணெய் மேலடுக்குகளில்தான் கூட வேண்டும். வரிசை மாறினால் நாளடைவில் வெடிப்பு விடும். இந்த ஒழுங்கு கைக்குப் படிய வேண்டுமானால் ஒரு முகத்தையாவது அடியிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும்.

இது வெள்ளைக்காரன் முறை என்பாரும் உண்டு. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் ஏறிப் பாருங்கள். நிலைக்கு நிலை ஓவியம். முகம் திரும்பும் விதமும் கண் எழுதும் விதமும் பல கை பழகிய ஒரே மரபு. பார்த்துச் செய்வது நமக்கு எந்தக் கப்பலிலும் வந்து இறங்கவில்லை.

கேமரா இருக்கும்போது எதற்கு என்று கேட்பவரோடு வாதாட நேரமில்லை.

எதிராளி பாதி சரியாகச் சொல்வது ஓரிடத்தில்தான். போன் திரையையோ அச்சுப்படத்தையோ பார்த்துப் போடும் காப்பி பூச்சின் கனத்தையும் தூரிகைத் தடத்தையும் கற்றுத்தராது. அதற்காகக் காப்பியையே விடுவானேன்? நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போனால் ராஜா ரவிவர்மா கலைக்கூடத்தில் அவருடைய மூலப்படங்களையே பார்க்கலாம்.

கள்ளத்தனம் என்ற பேச்சுக்கும் வழி இருக்கிறது. பாரிஸின் லூவரில் உட்கார்ந்து காப்பி போட அனுமதி உண்டு. அளவு மட்டும் மூலத்தோடு ஒத்திருக்கக் கூடாது. பிள்ளைகளே, நீங்களும் அளவை மாற்றுங்கள். கேன்வாஸின் பின்புறம் மூல ஓவியர் பெயரையும் ‘நகல்’ என்பதையும் எழுதிவிட்டு, துணிந்து தொடங்குங்கள்.