வாழ்த்து அட்டையின் இருபுறமும்

கிறிஸ்து பிறப்பு விழா நாள்களில், வந்த வாழ்த்து அட்டைகளை நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிட்ட இல்லங்கள் நம் பங்குகளில் ஒரு காலத்தில் பல. இன்று அவை அரியவாயின. கைப்பேசியில் ஒரு நொடியில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்பலாம். அட்டை எதற்கு எனக் கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. விடை காண, இவ்வழக்கம் தோன்றிய விதத்தை நோக்குவோம்.

இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு ஒரு பென்னிக் கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் வசதி வந்தது. அதற்காக உழைத்தோருள் ஒருவரான ஹென்றி கோல், 1843-இல் ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு, விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்மஸ் அட்டையை உருவாக்கினார். விலை ஒரு ஷில்லிங். நடுவே ஒரு குடும்பம் விழாக் கொண்டாடுகிறது. ஒருபுறம் பசித்தோர் உணவு பெறுகின்றனர். மறுபுறம் வறியோர் ஆடை பெறுகின்றனர். இன்னாருக்கு, இன்னாரிடமிருந்து எனப் பெயர் எழுத இடமும் உண்டு.

அஞ்சலோடு அறத்தை இணைத்த மற்றொருவர், டென்மார்க் நாட்டு அஞ்சல் அலுவலர் ஐனர் ஹோல்பெல். விழாக்காலக் கடிதம் ஒவ்வொன்றிலும் மக்கள் சிறு வில்லை ஒன்றை வாங்கி ஒட்டினால், அப்பணம் நோயுற்ற குழந்தைகளுக்கு உதவுமே என எண்ணினார். 1904-இல் கிறிஸ்மஸ் வில்லை பிறந்தது. காசநோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவ இல்லம் எழுந்தது. பிற நாடுகளும் இதனைப் பின்பற்றின. அதே டென்மார்க்கில், 1624-இல் தொடங்கிய அரசு அஞ்சல் சேவை, கடிதங்கள் அருகியமையால், 2025 டிசம்பர் 30-உடன் கடிதப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டது. எஞ்சிய கடிதங்களைத் தனியார் நிறுவனம் கொண்டு சேர்க்கிறது.

கைப்பேசி வாழ்த்தை நாம் குறை கூறவில்லை. அயல்நாட்டில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டுவதும் அக்கருவியே. ஆயினும், நூறு பேருக்கு ஒருங்கே அனுப்பும்போது எவரையும் தனித்து நினைக்க நேரிடுவதில்லை. அட்டை எழுதுவோர் பெயரை எழுதவேண்டும், முகவரியைத் தேடவேண்டும். அவ்வளவு நேரமும் அம்மனிதர் நம் நினைவில் இருப்பார். கைப்பேசி இல்லாத முதியோரோ இன்று எவர் பட்டியலிலும் இல்லை.

எனவே, இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் ஐந்து அட்டைகளேனும் எழுதுவோமாக. முதியோர் இல்லத்தில் இருப்பவர், துணையை இழந்து தனித்து வாழ்பவர், நெடுநாள் படுக்கையில் கிடப்பவர், மனத்தாங்கலால் பேச்சு நின்றுபோன உறவினர் ஆகியோருக்கு முதலிடம் தருவோம். பிள்ளைகள் தம் கையாலேயே முகவரி எழுதட்டும். அட்டைக்குச் செலவிட்ட அளவு பணத்தை ஏழைகளுக்கென எடுத்து வைப்போம்.

அட்டையின் நடுவே நம் குடும்பம் மகிழ்ந்திருக்கட்டும். அதன் இருபுறமும் வெறுமையாய் இராதிருக்கட்டும்.