பல்லக்கில் ஏறிய பிரயாணி

நெடுந்தூர ஆகாயப் பிரயாணத்தில் 'வணிக வகுப்பு' என்று ஒன்று உண்டு என்பதை நேயர்கள் அறிவர். விமானம் ஏறுமுன் அவ்வகுப்பினர் சென்று அமரும் தனி ஓய்வுக்கூடத்தை 'லவுஞ்ச்' என்கிறார்கள். நமது கட்டுநாயக்க விமான நிலையத்திலும் அத்தகைய கூடங்கள் உள. மெத்தை நாற்காலி, சுடச்சுட உணவு, சந்தடியில்லாத சூழல் ஆகியவை அங்கே கிடைக்கும். வாசலில் ஒருவர் இருப்பார். சீட்டையோ அட்டையையோ பார்த்த பின்னரே உள்ளே விடுவார். இவையெல்லாம் மேல்நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த புதுமைகள் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நாமோ இவ்வுபசாரத்தின் பழைய உதாரணம் ஒன்றைப் புத்தளம் கடற்கரையிலேயே காண்கிறோம்.

1344ஆம் ஆண்டில், மாலைதீவிலிருந்து தமிழகக் கரையை நோக்கிச் சென்ற மரக்கலம் ஒன்றைக் காற்றுத் திசைதிருப்பி இலங்கைக் கரைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தவர் மொரோக்கோ நாட்டில் பிறந்து உலகம் சுற்றிய இப்னு பதூதா. மாலுமிகள் கரைசேர அஞ்சினர். அக்கரை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் கையில் இருந்தது. அவனுடைய கப்பல்கள் கடலிற் கொள்ளையிடும் என்பது அவர்கள் கேள்விப்பட்ட சேதி. காற்றோ மேலும் வலுத்தது. தம்மை மட்டும் கரையில் இறக்கிவிட்டால், மன்னனிடம் அனைவருக்கும் அபயம் பெற்றுத் தருவதாகக் கூறி இப்னு பதூதா இறங்கினார்.

"நீர் யார்?" என்ற கேள்வி உடனே எழுந்தது. மதுரைச் சுல்தானுக்குத் தாம் சகலன் என்றும், அவரைக் காணவே செல்வதாகவும், கப்பலில் உள்ளவை அவருக்குரிய காணிக்கைகள் என்றும் அவர் விடை பகர்ந்தார். சகலன் என்பது மெய்யே. இருவர் மனைவியரும் உடன்பிறந்த சகோதரிகள். காணிக்கையைப் பற்றிச் சொன்னதை நாம் ஆராயப் புகவில்லை. லவுஞ்ச் வாசலில் இன்று நீட்டப்படும் அட்டைக்கு ஒப்பானது அந்த விடை என்பதே நமக்கு வேண்டியது.

அட்டை செல்லுபடியாயிற்று. மரத்தால் மதிலும் கொத்தளமும் அமைந்த சிறிய, அழகிய பட்டினமாக அன்றைய புத்தளம் இருந்தது. மன்னன் எழுந்து வந்து வரவேற்று, அருகில் அமர்த்திப் பேசினான். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கும். மதுரைச் சுல்தானுக்கும் தனக்கும் நட்பு உண்டு என்றும், கப்பலில் உள்ளோர் யாவரும் அஞ்சாது இறங்கலாம், புறப்படும் வரையில் அவர்களும் தன் விருந்தினரே என்றும் சொன்னான். நேயர்கள் இவ்விடத்தைச் சற்றே கவனிக்க வேண்டும். இக்காலத்து லவுஞ்சில் அட்டைக்காரரோடு இன்னும் ஒருவர் நுழைவதே சில வேளை பெரும்பாடு. அன்று ஒருவருடைய அட்டைக்குக் கப்பல் முழுவதும் உள்ளே போயிற்று.

மூன்று நாள் உபசாரம் நடந்தது. முத்துக்குளிப்பில் எடுத்த முத்துக்களை மன்னன் காட்டி, அவற்றிற் சிலவற்றைக் கொடுத்து, வேறு என்ன வேண்டும் என்றும் கேட்டான். பாவா ஆதம் மலையை, அதாவது சிவனொளிபாத மலையைத் தரிசிக்க வேண்டும் என்றார் விருந்தினர். உடனே ஒரு பல்லக்கு ஆயத்தமாயிற்று. ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரண்மனையார் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் உடன் அனுப்பப்பட்டனர். பல்லக்குத் தூக்கியோரை நீக்கிக் கணக்கிட்டாலும் ஒரு பிரயாணிக்கு 32 பேர்! தூக்கியோர் அடிமைகள். எத்தனை பேர் தூக்கினர் என்பதை அவர் சொல்லவில்லை. பல்லக்கில் அமர்ந்தவருக்கு அது எண்ணத் தோன்றவில்லை போலும்.

கப்பற்றலைவன் ஓராண்டு ஆனாலும் இவரை விட்டுப் போகேன் என்று சொல்லிப் புத்தளத்திலேயே தங்கிவிட்டான். இன்று எந்த வகுப்புச் சீட்டை வைத்திருப்பினும், நேரம் தவறினால் விமானக் கதவு மூடப்பட்டுவிடும்.

இக்காலத்து லவுஞ்சின் பிறப்பு 1939இல். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பனியார் நியூயோர்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் 'அட்மிரல்ஸ் கிளப்' என்னும் கூடத்தைத் திறந்தனர். முதலில் அழைப்புப் பெற்ற பிரமுகருக்கு மட்டுமே அங்கே இடம் இருந்தது. அரசன் தயவு போய், கம்பனியின் தயவு வந்தது எனலாம். வணிக வகுப்பு பின்னர் வந்தது. முழுக் கட்டணம் செலுத்திய வியாபாரிகள், சலுகை விலையில் வந்த உல்லாசப் பிரயாணிகளோடு நெருங்கி உட்கார வேண்டியிருந்ததால் முறையிட்டனர். அவர்களுக்காக முதல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் நடுவே ஒரு வகுப்பு 1970களின் இறுதியில் உண்டாயிற்று. ஆசனம் சமதளமான கட்டிலாக விரியும் ஏற்பாட்டை 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவ்வகுப்பிற் புகுத்தியது. கொழும்பிலிருந்து இலண்டனுக்கு இடைநிற்காமற் பறக்க ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கால் நீட்டி உறங்குவது சாமானியமான சுகம் அன்று. அதை நாம் இகழவில்லை. மடக்கிய காலோடு நெடுநேரம் அசையாதிருப்பவருக்குக் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு என்பதால், இடையிடையே எழுந்து நடக்குமாறு வைத்தியர் கூறுகின்றனர். கட்டில் இல்லாதவர் இதை மறவாதிருப்பாராக.

ஒன்றில் மட்டும் வகுப்பு வேற்றுமை இல்லை. விமானம் 35,000 அடி உயரத்திற் பறப்பினும், உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி வரையுள்ள மலையொன்றின் மேல் இருப்பதைப் போன்றது. சிவனொளிபாத மலையின் உயரம் 7,359 அடி. இப்னு பதூதா பல்லக்கு ஏறி நாடிச் சென்ற உச்சியின் காற்றையே, மெத்தையிற் கிடப்பவரும் கடைசி வரிசையில் ஒடுங்கியிருப்பவரும் ஒருங்கே சுவாசிக்கின்றனர்.

அக்கடைசி வரிசைகளில் புத்தளம் மாவட்டத்துக் கரையோர மக்கள் எத்தனையோ பேர் இருப்பர். வென்னப்புவைப் பகுதியிலிருந்து இத்தாலிக்குச் செல்வோர் தொகை மிகுதியாகையால், அவ்வூரைச் 'சின்ன இத்தாலி' என்றே அழைக்கின்றனர். கற்பிட்டி, புத்தளம் பக்கங்களிலிருந்து பலர் அரபு நாடுகளுக்குச் செல்கின்றனர். ஆண்கள் சாரதிகளாக, பெண்கள் வீட்டு வேலைக்காக. பிறருடைய சுகத்தைத் தோளிற் சுமக்கும் தொழில் ஒழிந்துவிடவில்லை. அதைச் செய்வதற்கு இன்று விமானம் ஏறிப் போகவேண்டியிருக்கிறது, அவ்வளவே.

புத்தளத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். நள்ளிரவில் வான் பிடித்து, சோற்றுப் பொதியும் சுடுநீர்ப் போத்தலுமாகக் குடும்பமே வரும். உம்மாவை அனுப்ப வந்த சிறுபிள்ளை வாப்பாவின் தோளில் உறங்கிவிடும். விடைபெறுவது பெரும்பாலும் வாசலருகே நின்றபடியே நடக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிரியும் தாயும் பிள்ளையும் கடைசி ஒரு மணி நேரத்தை உட்கார்ந்து கழிப்பதற்கு நல்ல கூடம் ஒன்று வேண்டாமா? சீட்டுக் கேளாத கூடமாக, குடிக்க நீரும், பாய் விரிக்க இடமும் உள்ளதாக இருந்தாற் போதும். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் நாட்டுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் யாவரும் கண்டோம். அப்பணத்தில் ஒரு சிறு துளி போதும்.

இது புதிய யோசனையும் அன்று. வழிப்போக்கருக்கு மடமும் அம்பலமும் அமைத்தவர் நம் முன்னோர். முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும், தலவில அன்னம்மாள் ஆலயப் பெருநாளுக்கும் வருவோரை எந்த வகுப்பு என்று எவரும் கேட்பதில்லை. மணலில் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கும் வழக்கத்தை இக்கரை அறியும். உத்தியோகத்தருக்கு முதலிடம் தந்த வாடிவீடு ஆங்கிலேயர் ஆட்சியில் வளர்ந்தது. லவுஞ்ச் அதன் பேரன். மடத்திற்குத்தான் விமான நிலையத்திற் சந்ததி இல்லை.

இப்னு பதூதா மலையைத் தரிசித்துப் புத்தளம் திரும்பினார். சொன்னபடியே கப்பல் காத்திருந்தது. ஆனால், பின்னர் கன்னட நாட்டுக் கரையருகே கடற்கொள்ளைக்காரர் அவரை வளைத்துக்கொண்டு, உடுத்திருந்த காற்சட்டை ஒன்றைத் தவிர யாவற்றையும் பறித்தனர். ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த முத்துக்களும் போயின. 1355இல், தாயகமாகிய மொரோக்கோவில் இருந்துகொண்டு, தம் பிரயாணக் கதையை அவர் சொல்லிச் சொல்லி எழுதுவித்தார். புத்தளத்தை விட்டுச் சிலாபத்துக்குப் போகும் வழியில் ஓர் ஊரார் தமக்கும் உடன் வந்தோருக்கும் விருந்திட்டதை அதிற் குறிப்பிடுகிறார். அவ்வூர் இன்றைய முந்தற் பகுதி என்பர் அறிஞர் சிலர். எருமைக் கன்றின் இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்.