லாரிக்குக் கை முளைத்தது, நம் கை இன்னும் குப்பையில்

என் சித்தியின் வலது உள்ளங்கையில் பீங்கான் சில்லு கிழித்த தழும்பு இருக்கிறது. எங்கள் நல்லூருக்குப் பக்கத்திலுள்ள விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். உடைந்த ஃபியூஸ் கட்டையும் பொம்மைத் துண்டும் குப்பையோடு குப்பையாக வரும். கிழிந்த கையுறைக்கு மாற்று வரவில்லை. "கையாலதான் அள்ளணும், வேற எதால அள்றது?" என்றார் சித்தி.

இந்தக் கேள்விக்கு உலகம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டது.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் உயரமான திறந்த லாரியில்தான் குப்பை போனது. கீழே நிற்பவர் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் தருவார், குப்பை மீது நிற்பவர் வாங்கிக் கொட்டுவார். 1938-ல் கார்வுட் நிறுவனத்தின் 'லோட்-பேக்கர்' வந்தது. பின்பக்கம் தாழ்வான வாய், உள்ளே குப்பையை நசுக்கித் தள்ளும் ஹைட்ராலிக் தகடு. தலைச்சுமை இறங்கியது, ஆனால் பின்னால் நின்று கொட்ட ஆள் வேண்டியிருந்தது. 1950-களில் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் டெம்ப்ஸ்டர் நிறுவனம் 'டம்ப்மாஸ்டர்' வண்டியை இறக்கியது. அதன் முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகள். அவை பெரிய தொட்டியை ஓட்டுநரின் தலைக்கு மேலாகத் தூக்கி, வண்டியின் கூரைத் திறப்பில் கவிழ்க்கும். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவே வேண்டாம்.

அதே டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், 1968 பிப்ரவரி 1 அன்று மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு கறுப்பினத் தொழிலாளர்கள் ஒதுங்க வேறு இடமில்லாமல் பழைய குப்பை லாரியின் பின்பக்கம் ஏறி நின்றார்கள். நசுக்கும் பொறி திடீரென இயங்கி இருவரையும் உள்ளிழுத்துக் கொன்றது. அந்தப் பழைய வண்டிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டையோடு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

நல்ல பொறி அதே மாநிலத்தில் இருந்தும் அந்த இருவருக்கு எட்டவில்லை. எந்தப் பொறி யாருக்குப் போய்ச் சேரும் என்பதைப் பொறியியல் தீர்மானிப்பதில்லை.

நம் ஊருக்கு வருவோம். நல்லூர் வயல்களில் இன்று நெல் அறுக்க இயந்திரம் வருகிறது. கடைக்கால் தோண்ட ஜேசிபி வருகிறது. ஏன் வந்தன? கூலி ஏறியது, ஆள் கிடைக்கவில்லை, 'வரமாட்டேன்' என்று சொல்ல உழைப்பவர்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. மறுக்க முடிகிற இடத்துக்கு இயந்திரம் வரும். குப்பை அள்ளும் வேலையில் மறுக்கும் உரிமையைச் சாதி பிறப்பிலேயே பறித்துக்கொள்கிறது. கிராமத் தூய்மைக் காவலரின் மாத ஊதியம் 3,600 ரூபாயாக இருந்து 5,000 ஆனது. இந்த விலைக்கு மனிதக் கை கிடைக்கும்போது இரும்புக் கை யாருக்கு வேண்டும்?

"நம் தெருக்கள் குறுகல், மேலே மின்கம்பி, அந்த லாரி இங்கே நுழையாது" என்பார்கள். உண்மைதான். நுழைகிற ஒன்றை வடிவமைக்க வேண்டியதுதானே? வரப்பில் இறங்கும் அறுவடை இயந்திரத்தை உருவாக்கத் தெரிந்தவர்களுக்குச் சந்தில் நுழையும் குப்பை வண்டி மட்டும் ஏன் புதிராகிறது? வடிவமைக்கும் மேசையில் இருப்பவர் குப்பை அள்ளியதில்லை, அள்ளுபவருக்கு அந்த மேசையில் இடமில்லை.

எந்திரம் வந்தாலே சாதி போய்விடும் என்றும் நான் நம்பவில்லை. 2000-ல் சென்னைக்கு ஓனிக்ஸ் நிறுவனம் வந்தது, சீருடை வந்தது, நசுக்கும் லாரி வந்தது. பின்னால் ஓடியவர்கள் அதே சேரிப் பிள்ளைகள். 2020-ல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' ஆனது, கை மாறவில்லை. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்துப் பணி நிரந்தரம் கேட்டு ரிப்பன் மாளிகை முன்பு பதின்மூன்று நாள் அமர்ந்தவர்களை அரசு நள்ளிரவில் போலீஸ் வைத்து அகற்றியது. புதிய வண்டிக்கு டெண்டர் விடத் தெரிந்த அரசுக்கு, வண்டியோடு வருகிற மனிதரை நிரந்தரமாக்க மனமில்லை.

ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்போம். குப்பையில் கை படாத வண்டி வேண்டும். அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில், இன்று கையால் அள்ளுபவர் அரசு ஊழியராக, முழுச் சம்பளத்தோடு உட்கார வேண்டும். இயந்திரத்தைக் காட்டி அவரை வேலையை விட்டு அனுப்பினால் அது இன்னொரு தீண்டாமை. அவருடைய பிள்ளை அந்த இருக்கைக்கும் வரவேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது.

தெருவில் குப்பை வண்டி வரும்போது மூக்கைப் பொத்துகிற நண்பர்களே, அடுத்த முறை வண்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே நிற்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேளுங்கள். பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.