அஜாக்கிரதைக்கு அபராதமா?

வெளிநாட்டுக்குப் போய்வந்த ஒருவர் கைபேசிக் கட்டணத்தால் நொந்து நின்றால், நம்மவர்கள் ஆறுதல் சொல்வதில்லை, உபதேசம் செய்கிறார்கள். "முன்னாலேயே விசாரித்திருக்க வேண்டாமா? ரோமிங்கை அணைத்து வைத்திருக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். பறிகொடுத்தவனைக் கூண்டில் ஏற்றிவிட்டு, பறித்தவனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைக்கிற இந்த நியாயம் எனக்கு விளங்கவே இல்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எழுதின காகிதத்தின் பின்பக்கத்தையும் எழுதித் தீர்க்கிற மனிதர். சில வருஷங்களுக்கு முன் மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு கடல் கடந்து போனார். அங்கே அவர் ஊர்க்கதை பேசவில்லை, சினிமாப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் கிடந்த கைபேசிதான் தன் பாட்டுக்குப் படங்களை எங்கோ அனுப்பிச் சேமித்துக்கொண்டும், தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டும் இருந்தது. பில் வந்தபோது, பேத்திக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகை அதிலே போயிற்று. கம்பெனிக்குப் போன் செய்தார். நிபந்தனைகளெல்லாம் முன்பே தெரிவிக்கப்பட்டுவிட்டன என்று ஒரு குரல் மிக இனிமையாகச் சொல்லிற்றாம். "கணக்கு வாத்தியார் கணக்கிலே கோட்டை விட்டார்" என்று தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கட்டணம் எப்படி முளைக்கிறது என்று பார்ப்போம். சென்னை எண்ணோடு நீங்கள் சிங்கப்பூரில் இறங்குகிறீர்கள். அங்குள்ள கோபுரம் உங்கள் கைபேசிக்கு இடம் கொடுக்கிறது. அதற்காக அந்த ஊர்க் கம்பெனி, நம் ஊர்க் கம்பெனியிடம் மொத்த விலையில் ஒரு தொகை வாங்குகிறது. நம் ஊர்க் கம்பெனி அதன்மேல் தன் லாபத்தை ஏற்றி உங்களிடம் வசூலிக்கிறது. மதுரையிலிருந்து மைத்துனர் கூப்பிட்டால், அவருக்கு உள்ளூர்க் கட்டணம். கடல் தாண்டுகிற செலவு எடுத்துப் பேசிய உங்கள் தலையில். மொத்த விலையை இரண்டு கம்பெனிகள் பேசி முடிக்கின்றன. பணம் கொடுக்கப்போகிற பிரயாணிக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

"செலவாகிறது, வாங்குகிறார்கள்" என்பார்கள். வாஸ்தவம், எவ்வளவு ஆகிறது? 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம், பிரயாணியிடம் ஒரு மெகாபைட் டேட்டாவுக்கு வரி நீங்கலாக 70 சென்ட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு கட்டியது. அதாவது ஒரு ஜிபிக்குச் சுமார் 700 யூரோ. கட்டுப்படுத்திய விலையே அது! 2017 ஜூன் 15 முதல், ஒன்றியத்துக்குள் எந்த நாட்டுக்குப் போனாலும் சொந்த ஊர்க் கட்டணமே போதும் என்று ஆயிற்று. 2022-ல், கம்பெனிக்குக் கம்பெனி வாங்கும் மொத்த விலைக்கு ஜிபிக்கு 2 யூரோ என்று வரம்பு வந்தது. சில்லறை விலை வேறு, மொத்த விலை வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் 700-க்கும் 2-க்கும் நடுவே கிடக்கிற மலை முழுவதும் கோபுரத்தின் செலவு என்று யாராவது சாதிக்க முடியுமா?

விஞ்ஞானம் வளர்ந்தது, விலை இறங்கியது என்று பதில் வரலாம். அதற்கு பிரிட்டனைப் பாருங்கள். ஒன்றியத்தை விட்டு அந்த நாடு விலகியது. அந்தச் சட்டமும் அதனோடு விலகியது. 2022-ல் பல பிரிட்டிஷ் கம்பெனிகள், ஐரோப்பாவுக்குப் போகும் வாடிக்கையாளர்மீது ரோமிங் கட்டணத்தைத் திரும்பவும் சுமத்தின. விஞ்ஞானம் பின்னோக்கி நடந்ததா? டோவர் ஜலசந்தி திடீரென்று அகன்றுவிட்டதா? வேலி போயிற்று, கை நீண்டது. வேறொன்றுமில்லை.

"ஐரோப்பா ஒரே குடும்பம், அதனால் முடிந்தது" என்பாரும் உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் தனித்தனித் தேசங்கள்தாமே? ரோமிங் கட்டணத்தைக் குறைக்க அவை 2011-ல் உடன்பாடு செய்துகொள்ளவில்லையா? மனமிருந்தால் இரண்டு அரசாங்கங்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்தாலே போதும்.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விமானம் ஏறுமுன் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். போகிற ஊரின் சிம் கார்டையோ, இ-சிம்மையோ, கம்பெனியின் பிரயாணத் திட்டத்தையோ விலை ஒப்பிட்டு வாங்குங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையை நிறுத்திவையுங்கள். கப்பலிலும் விமானத்திலும் கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அங்கே செயற்கைக்கோள் வழியாக வரும் தொடர்புக்கு ஐரோப்பிய வரம்பும் செல்லாது. இவையெல்லாம் நல்ல உபாயங்கள்.

ஆனால் எழுபது வயதுக்காரர் ஒருவரிடம் இந்தப் பட்டியலை நீட்டிப் பாருங்கள். உள்ளூர் சிம்மை மாட்டிக்கொள் என்பது சுலபம். பாங்கிக்காரன் அனுப்புகிற ஓ.டி.பி. பழைய எண்ணுக்கல்லவா வருகிறது? ஆகவே பழைய எண்ணையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அது உயிரோடிருந்தால் அழைப்பும் வரும். பெற்ற பிள்ளையின் பெயர் திரையில் தெரிந்தால் எந்தத் தாய் எடுக்காமல் இருப்பாள்?

மனிதன் அஜாக்கிரதையாக இருப்பான் என்று தெரிந்துதான் நல்ல சட்டம் எழுதப்படுகிறது. டேட்டாக் கட்டணம் 50 யூரோவை எட்டினால், வேறு வரம்பு கேட்டிராத பிரயாணிக்குத் தொடர்பு தானாகவே நிற்க வேண்டும் என்று 2010 ஜூலையிலேயே ஐரோப்பாவில் விதி வந்துவிட்டது. கணக்கு வாத்தியாருக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு விதிதான். எந்த நாட்டுப் பிரயாணியானாலும் அவனுக்கு மூன்று காரியங்கள் நடக்கட்டும்: மொத்த விலைக்கு ஓர் உச்சவரம்பு, அளவு மீறினால் தானாக நிற்கிற பூட்டு, எல்லை தாண்டியதும் அவனவன் பாஷையில் தெளிவான விலை.

அதுவரை, பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு விழிக்கிறவரிடம் உபதேசம் செய்யாதீர்கள். கம்பெனியின் வக்கீல் வேலையை நாம் ஏன் சம்பளமில்லாமல் பார்க்க வேண்டும்?